நெல்லிக் கிறஷ் போத்தல்

எட்டுச் செலவு அன்று, படைத்த அறையின் கதவைத் திறந்ததும் முதலில் உள்ளே போனவர் கமலாம்பிகை. தம்பியின் படத்துக்கு முன்னால் வாழையிலை. இலையில் சோறு, மீன் குழம்பு, பொரித்த முட்டை, ஒரு சுருட்டு. இலைக்கு வலப்பக்கம் ஒரு சின்னக் கிளாஸ். அவர் குனிந்து கிளாஸை எடுத்தார். முகர்ந்தார். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"யோகம், உதென்ன?"

"விஸ்கி, மச்சாள்."

"தம்பி உதைத்தான் குடிச்சவன் எண்டு ஆர் சொன்னது?"

 சொன்னவர், யோகமலரின் செத்துப்போன கணவர் நவரட்ணத்தின் பழைய சிநேகிதர். ஸ்கொட்ச், அதுவும் கறுப்பு லேபல் என்று அடித்துச் சொன்னார். அவர் தனக்குப் பிடித்ததைச் சொல்லியிருக்கிறார் என்று இப்போது தோன்றியது.

"உது அவன்ரை சாமான் இல்லை," என்றார் கமலாம்பிகை. "முப்பத்தொண்டுக்கெண்டாலும் சரியானதை வையும்."

செத்தவருக்கு எது பிடிக்குமோ அதைப் படைக்க வேண்டும். எட்டாம் நாள் ஒருமுறை. முப்பத்தோராம் நாள் ஒருமுறை. அதன்பின் வருவது ஆண்டுத் திவசம். அது ஐயர் வந்து செய்கிற மரக்கறிச் சமையல். நவரட்ணத்துக்கு இனி ஒரு தடவைதான் இருந்தது.

நவரட்ணம் குடிப்பார் என்பது யோகமலருக்குத் தெரியும். எதைக் குடிப்பார் என்பது தெரியாது. சனிக்கிழமை பின்னேரம் ஒரு கிளாஸ். தொலைக்காட்சியில் மல்யுத்தம் ஓடும். இரண்டு மாடிக்கு மேலே அவருடைய அக்கா கமலாம்பிகை குடியிருந்தார். நினைத்த நேரத்தில் கதவைத் தட்டுவார். அதனால் நவரட்ணம் தன் சாமானை நெல்லிக் கிறஷ் போத்தலில் ஊற்றி, குசினி அலுமாரியில் அரிசி வாளிக்குப் பின்னால் வைத்திருந்தார். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற அந்த நெல்லிப் பாணியின் நிறமும் ஏறத்தாழ அதுதான். அக்கா வந்தால் அது நெல்லிக் கிறஷ். அக்கா போனால் வேறு.

ஆறு வருஷமாக அந்தக் கிளாஸைக் கழுவியவள் யோகமலர். எங்கே வாங்குகிறீர்கள், என்ன பெயர் என்று ஒருநாள் கேட்டிருக்கலாம். கேட்டால் அது தெரிந்த விஷயமாகிவிடும். தெரிந்த விஷயத்துக்குச் சண்டை பிடிக்க வேண்டும். அவளுக்குச் சண்டையில் விருப்பமில்லை. ஒரு கிளாஸுக்கு மேல் அவர் போனதுமில்லை.

இன்னொரு விஷயம் இருந்தது. அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவர் செத்த ஜூன் பத்தாம் தேதி காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவள் முதலில் செய்த வேலை, அரிசி வாளியை இழுத்து அந்தப் போத்தலை எடுத்ததுதான். முக்கால்வாசி இருந்தது. அப்படியே சிங்கில் ஊற்றினாள். சுடுதண்ணீர் விட்டு, விம் போட்டு இரண்டு தரம் கழுவினாள். செத்த வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணீருக்குச் சீனி தேடி எல்லா அலுமாரியும் திறப்பார்கள். நெல்லிக் கிறஷ் என்று யாராவது பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுத்துவிட்டால்?

அப்போது அது புத்தியான வேலையாகத் தெரிந்தது.

இப்போது காய்ந்த வெறும் போத்தலை மூக்கில் வைத்துப் பார்த்தாள். விம் மணந்தது.

*

நவரட்ணம் கனடாவில் வெக்ஸ்போர்ட் என்கிற இடத்தில் ஒரு யார்ட்டில் வேலை செய்தார். பழைய மரப் பீப்பாக்களைக் குறுக்கே இரண்டாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, பூமரம் நடுகிற தொட்டியாக விற்கிற இடம். அங்கிருந்து அவருடைய ஜாக்கெட்டையும் சாப்பாட்டுப் பையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். எட்டுச் செலவுக்கு மறுநாள் யோகமலர் அதை அவிழ்த்தாள். ஜாக்கெட்டின் உள்பொக்கெற்றில் நாலாக மடித்த ஒரு சிறு புத்தகம் இருந்தது. அட்டையில் ஒரு செங்கல் கட்டடம். வாசலில் தாடிக்காரர் ஒருவர்.

மகள் நிலக்சி பல்கலைக்கழகத்தில் முதலாம் வருஷம். சோபாவில் காலை மடித்து இருந்து வாசித்தாள்.

"டாக்கெட் அன் சன்ஸ். கென்டக்கி. இது ஒரு டிஸ்டிலறி அம்மா. பேர்பன் செய்யிற இடம்."

"அதென்ன பேர்பன்?"

"விஸ்கிதான். பட், சோளத்திலை செய்யிறது. பாதிக்கு மேல சோளம் இருக்கோணுமாம்."

"சோளத்திலையோ?" யோகமலர் பக்கத்தில் வந்து இருந்தாள். "முழுக்க வாசி."

நிலக்சி தாயை நிமிர்ந்து பார்த்துவிட்டு வாசித்தாள். இங்கிலிஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி.

எசேக்கியல் டாக்கெட் என்பவர் ஆற்றோரத்தில் தானியம் அரைக்கும் ஆலை வைத்திருந்தார். அரைக்கக் கொண்டுவருகிறவர்கள் கூலியாகச் சோளத்தையே ஒரு பங்கு கொடுத்துவிட்டுப் போவார்கள். சோளம் மலையாகக் குவிந்தது. எலி தின்றது போக மிச்சத்தை என்ன செய்வதென்று தெரியாமல் 1871இல் ஒரு செப்புக் கிடாரம் வாங்கினார். பதின்மூன்று வருஷம் வடித்தார். பிறகு ஒரு கோவேறு கழுதை உதைத்துச் செத்துப்போனார். பிள்ளைகள் இரண்டும் சின்னன். அவருடைய மனைவி மார்த்தா பத்தொன்பது வருஷம் தனியே நடத்தினாள். மகன்மார் வளர்ந்ததும் பெயர்ப்பலகையை மாற்றினார்கள். டாக்கெட் அன் சன்ஸ்.

"மனிசியின்ரை பேர் எங்கை?"

"இல்லை."

"பத்தொன்பது வருசம் நடத்தினவவெல்லோ?"

"ஐ நோ, அம்மா."

மதுவிலக்கு வந்தது. அமெரிக்கா முழுவதும் வடிசாலைகள் பூட்டின. டாக்கெட் குடும்பம் எப்படியோ ஒரு அனுமதி எடுத்து, இருந்த சரக்கை மருந்தென்று விற்றது. டாக்குத்தர் துண்டு எழுதித் தரவேண்டும். அந்தப் பதின்மூன்று வருஷமும் அந்த ஊரில் இருமல்காரர் பெருகினார்கள் என்று புத்தகமே பகிடி விட்டிருந்தது. பிறகு 1937இல் தீப்பிடித்து ஒரு கிடங்கு முழுவதும் எரிந்தது. எரிகிற விஸ்கி ஆற்றில் மிதந்து போனதை ஊரே நின்று பார்த்ததாம்.

வடிக்கிற முறையும் இருந்தது. ஒவ்வொரு தடவையும் வடித்து முடிந்த புளித்த கஞ்சியில் கொஞ்சத்தை எடுத்து வைத்து அடுத்த தடவையில் விடுவார்களாம்.

"அப்பத்துக்குப் பழைய மா விடுற மாதிரி," என்றாள் யோகமலர்.

"எக்ஸாக்ட்லி."

கடைசிப் பக்கத்தில் நாலு போத்தல்களின் படம். சாதாரண டாக்கெட், நாலு வருஷம் பீப்பாவில் கிடந்தது. கோதுமை டாக்கெட், காரமான தானியம் எடுத்துவிட்டுக் கோதுமை சேர்த்தது. முத்திரை டாக்கெட், அரசாங்கக் காவலில் பூட்டி வைத்தது; வீரியம் கூட. ஒற்றைப் பீப்பா டாக்கெட், ஒன்பது வருஷம். வேறு பீப்பாவோடு கலக்காதது.

"அப்ப அப்பா குடிச்சது உதிலை ஒண்டு," என்றாள் யோகமலர். "அடையாளம் போட்டிருக்கிறாரோ பார்."

நிலக்சி போத்தல் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். ஒன்றும் இல்லை. புத்தகத்தின் நடுவில், பீப்பாவின் படம் இருந்த பக்கத்தில், பென்சிலால் தமிழில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது. நவரட்ணத்தின் சாய்ந்த கையெழுத்து.

பிறகு?

"என்ன பிறகு?" என்று கேட்டாள் யோகமலர்.

"தெரியேல்லை. இதிலை பீப்பாவைப் பற்றித்தான் இருக்கு. உள்பக்கத்தை நெருப்பாலை கரியாக்கிறதாம். ஒரு பீப்பாவை ஒருக்காத்தான் பாவிக்கலாமாம். சட்டமாம்."

யோகமலர் அந்தச் சொல்லைப் பார்த்தபடி இருந்தாள். கணவர் இங்கிலிஷில் எதையாவது வாசித்ததை அவள் கண்டதில்லை. கடிதம் வந்தால் மகளிடம்தான் நீட்டுவார். இதை மட்டும் தானே எழுத்துக்கூட்டி வாசித்து, ஒரு கேள்வியும் எழுதி, பொக்கெற்றில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

*

நிலக்சிக்குப் பத்தொன்பது வயது. மதுக்கடைக்குள் போகலாம். இரண்டு கிழமை தேடியதில் ஸ்காபரோவில் ஒரு கடையில் டாக்கெட் பெட்டி ஒன்று கிடைத்தது. பெருவிரல் உயரத்தில் நாலு குட்டிப் போத்தல், நாலு வகையும். தந்தையர் தினத்துக்கு வந்து விற்காமல் கிடந்ததாம்.

"எங்களிலை ஆர் குடிச்சுப் பாக்கிறது?" என்று கேட்டாள் நிலக்சி.

அது யோகமலர் யோசிக்காத கேள்வி. அவளுக்குத் தெரிந்தது கழுவப் போட்ட கிளாஸின் அடியில் மிஞ்சுகிற மணம் மட்டும். நாலு மூடியையும் திறந்து முகர்ந்தாள். நாலும் ஒன்றுபோல் மூக்கில் ஏறின.

கதவு தட்டப்பட்டது. ஒளிக்க நேரமிருக்கவில்லை.

கமலாம்பிகை உள்ளே வந்து மேசையைப் பார்த்தார். நாலு போத்தலையும் எண்ணினார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"நிலக்சி, ஒரு தேக்கரண்டி எடு."

"மாமி?"

"எடு எண்டன்."

யோகமலருக்கு விளங்கவில்லை. "மச்சாள், உங்களுக்கு எப்பிடி அது தெரியும்?"

கமலாம்பிகை கரண்டியைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "மூண்டு வருசத்துக்கு முந்தி, நல்ல வெயில். லிஃப்ற் வேலை செய்யேல்லை. படியாலை இறங்கி வந்தனான். நீர் வேலைக்குப் போட்டீர். அவன் குளிச்சுக்கொண்டு நிண்டவன். தாகமாக் கிடந்தது. நெல்லிக் கிறஷ் எடுத்துக் கரைச்சன்."

நிலக்சி வாயைப் பொத்தினாள்.

"எவ்வளவு கரைச்சனீங்கள், மச்சாள்?"

"நெல்லிக் கிறஷ் எவ்வளவு கரைக்கிறது? அரைக் கிளாஸ்." கமலாம்பிகையின் முகத்தில் அசைவில்லை. "குடிச்சுப்போட்டுப் போத்தலை வைச்ச மாதிரியே வைச்சன். அவனுக்குச் சொல்லேல்லை. பாவம், எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தவன். அந்த நினைப்பை ஏன் கெடுப்பான்?"

"பிறகு?"

"பிறகென்ன. மேலை போய்ப் படுத்தன். நல்ல நித்திரை."

நாலு போத்தலிலும் ஒவ்வொரு கரண்டி. கமலாம்பிகை மருந்து குடிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். இடையில் தண்ணீரால் வாய் கொப்பளித்தார்.

சாதாரணம். "இல்லை. வனிலா போட்ட புடிங் மாதிரி."

கோதுமை. "இல்லை. உது சின்னப் பிள்ளையளுக்கு."

முத்திரை. நெஞ்சில் கைவைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். "இல்லை. உது நெருப்பு."

ஒற்றைப் பீப்பா. இரண்டாவது கரண்டியும் கேட்டார். யோகமலர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கிட்டத்தட்ட. ஆனா உதில்லை. அதிலை கரி மணம் கூட. நனைஞ்ச மரம் மாதிரி ஒண்டு. இனிப்பும் இவ்வளவு இல்லை. தண்ணித்தன்மையாயும் கிடந்தது."

"நீங்கள் தண்ணி கலந்தபடியாலையாக்கும்," என்றாள் நிலக்சி.

"கலக்க முதல் விரலாலை தொட்டு நக்கிப் பாத்தனான், பிள்ளை. நெல்லிக் கிறஷ் பழுதாப் போச்சோ எண்டு." கமலாம்பிகை எழுந்தார். வாசலில் சுவரை ஒருதரம் பிடித்துக்கொண்டார். "இன்னும் ஆறு நாள் கிடக்கு, யோகம். தேடும்."

அவர் போனபின் யோகமலர் நாலு குட்டிப் போத்தலையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். முதலில் அவளுக்கு இருந்தது கவலை. மச்சாளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்கிற கவலை. இப்போது அது வேறொன்றாக மாறியிருந்தது. இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்த மனிதர் தனக்கென்று ஒன்று வைத்திருந்தார். புத்தகத்தில் இல்லாத ஒன்று. அது என்ன?

*

பெட்டியின் அடியில் ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது. கேள்விகள் இருந்தால் அழைக்கவும், கட்டணமில்லை.

"எங்களிட்டைக் கேள்வி இருக்குத்தானே," என்றாள் யோகமலர். "அடி."

நிலக்சி ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள். ஒரு பெண் எடுத்தார். வயதான, இழுத்து இழுத்துப் பேசுகிற குரல். பெயர் கிளடிஸ். எசேக்கியலின் பேரனுடைய மகள். வழக்கமாகத் தொலைபேசி எடுக்கிற பெண் சாப்பிடப் போய்விட்டாளாம்.

நிலக்சி விஷயத்தைச் சொன்னாள். அப்பா செத்துவிட்டார். அவருக்குப் பிடித்த பானத்தை அவருடைய படத்துக்கு முன் வைக்க வேண்டும். அது எதென்று தெரியவில்லை. நாலு வகையும் பார்த்தாயிற்று. நாலும் இல்லை.

மறுமுனையில் அவசரமில்லை. யார் ருசி பார்த்தது என்று கிளடிஸ் கேட்டார். அப்பாவின் அக்கா. அவர் என்ன சொன்னார்? நிலக்சி ஒவ்வொன்றாகச் சொன்னாள். புடிங் என்றதும் சின்னப் பிள்ளைகளுக்கு என்றதும் அங்கே சிரிப்புக் கேட்டது. கோதுமைப் போத்தல் தன் தம்பியின் யோசனை, அவனுக்கு இதைச் சொல்லப்போகிறேன் என்றார். கரி, நனைந்த மரம், தண்ணீர்த்தன்மை என்றதும் சிரிப்பு நின்றது.

உன் அப்பாவுக்கு என்ன வேலை?

பீப்பாக்களை அறுத்துப் பூந்தொட்டி செய்கிறது.

 கிளடிஸ் சொன்னதை நிலக்சி தாய்க்குத் திருப்பிச் சொன்னாள். "தங்கடை பீப்பாவை ஒருக்காத்தான் பாவிப்பினமாம். பிறகு விக்கிறதாம். ஸ்கொட்லாந்துக்கு, கனடாவுக்கு, தோட்டக்காரருக்கு. ஆனா வெறுமையான பீப்பா வெறுமை இல்லையாம். ஒன்பது வருசத்திலை மரம் கொஞ்சத்தைக் குடிச்சு வைச்சிருக்குமாம். அதைத் தங்களாலையும் எடுத்து விக்க ஏலாதாம். அது தங்கடை பட்டியலிலை இல்லாத அஞ்சாவது சாமானாம்."

"அதை ஆர் எடுக்கலாம்?"

நிலக்சி கேட்டாள். கிளடிஸ் சொன்னார். "பொறுமை இருக்கிற ஆள். அப்பா வேலை செய்த இடத்திலை போய்க் கேக்கட்டாம்."

யோகமலர் புத்தகத்தை எடுத்து நடுப்பக்கத்தை விரித்தாள். ஒரு பீப்பாவை ஒருமுறை மட்டுமே. அதன் பக்கத்தில் அந்தச் சொல்.

"இன்னொண்டு கேள்," என்றாள். "அந்த மார்த்தா. அவவின்ரை பேரிலை ஒண்டுமே இல்லையோ?"

கிளடிஸின் பதிலுக்கு நிலக்சியே சிரித்தாள். "இருக்காம் அம்மா. ஆலையிலை எலி பிடிக்கிற பூனைக்கு எப்பவும் அந்தப் பேர்தானாம். இப்ப இருக்கிறது பதினாலாவது மார்த்தாவாம்."

*

யார்ட்டில் நவரட்ணத்தோடு வேலை செய்த கோபாலை யோகமலருக்குத் தெரியும். திருச்சிப் பக்கத்துக்காரர். செத்த வீட்டுக்கு வந்து மூன்று நாள் கதிரை அடுக்கினார். ஸ்கொட்ச் வாங்குவதற்கு முன் அவரிடமும் கேட்டாள். அண்ணன் சுத்தமான ஆளு அண்ணி, தொடவே மாட்டாரு என்று சாமி படத்தைப் பார்த்துச் சொன்னார்.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் பஸ் எடுத்து வெக்ஸ்போர்ட்டுக்குப் போனாள். கம்பி வேலிக்குள் பீப்பாக்கள் மூன்றாள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வாசல் திறந்திருந்தது. உள்ளே கால் வைத்ததும் நின்றாள்.

மணம் மூக்கில் ஏறியது. சனிக்கிழமைக் கிளாஸின் அடி மணம், அந்த முற்றம் முழுவதும்.

கோபால் அறுத்த பாதித் தொட்டி ஒன்றின் மேல் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"அண்ணி, நீங்க எங்க இங்க?"

"கோபால், இவர் என்ன குடிச்சவர்?"

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே அண்ணி. அண்ணன் தொடவே..."

"கென்டக்கிக்குப் போன் எடுத்துக் கேட்டிட்டன்."

கோபால் சாப்பாட்டுப் பெட்டியை மெல்ல மூடினார். "கென்டக்கிக்கா?"

"ஓம்."

"போலீஸ் ஏதும் வருமா?"

"ஒருத்தரும் வரமாட்டினம். நாளையிண்டைக்கு முப்பத்தொண்டு. அவருக்குப் படைக்க வேணும். சொல்லுங்கோ, தம்பி."

கோபால் அலுவலக ஜன்னலைப் பார்த்தார். முதலாளி றொபேட் தொலைபேசியில் இருந்தார். கோபால் தலையால் வா என்று காட்டிவிட்டுத் தெற்கு வேலியை நோக்கி நடந்தார். அங்கே ஏழெட்டுப் பீப்பாக்கள் தனியே படுத்திருந்தன. விரிசல் கண்டவை, வளையம் கழன்றவை. கடைசியில் ஒன்று முழுசாக, வெயிலில் பளபளத்துக் கிடந்தது. தலைப் பலகையில் டாக்கெட் முத்திரை. அதன் கீழே வெண்கட்டியால் தமிழில் எழுதியிருந்தது.

நெல்லி. 31-5.

யோகமலர் அதைத் தொடாமல் நின்றாள்.

"ரெண்டு கெட்டில் வெந்நீர் ஊத்துவாரு அண்ணி. அடைப்பை அடிச்சு இறுக்கிடுவாரு. வெயில் படுற இடத்துல போட்டுட்டு, தினமும் டீ பிரேக்ல கால் சுத்து உருட்டுவாரு. கால் சுத்துதான். மரத்துக்குள்ள இருக்கிறது கொஞ்சம் கொஞ்சமா தண்ணிக்கு வரும். ஆறு வாரம். வெயில் காலத்துலதான் சரியா வரும்னு, ஒரு கோடையில ரெண்டு மூணு பீப்பாய் போட்டு வருஷத்துக்கும் வச்சுக்குவாரு. அந்தப் புஸ்தகம் லாரியோட வந்துச்சு. அதைப் படிச்சுட்டுத்தான் ஆரம்பிச்சாரு. ஒரு தடவைக்கு அப்புறம் மரத்துல என்ன மிச்சம் இருக்கும், என்ன மிச்சம் இருக்கும்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு."

"றொபேட்டுக்குத் தெரியாதோ?"

"இந்த எழுத்தைப் பார்த்து ரிஜெக்ட்னு நினைச்சுக்கிட்டாரு. அண்ணனும் ஆமான்னுட்டாரு. ஆறு வருஷமா தமிழ்ல எழுதின பீப்பாயைத் தனியா ஒதுக்கித்தான் வைக்கிறாங்க." கோபால் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அதான் அன்னைக்குப் பொய் சொன்னேன்."

"அவர் போன பிறகு இதை ஆர் உருட்டினது?"

"நான்தான். பாதியில நிறுத்தினா ஒரு பக்கம்தான் ஊறும்பாரு."

பீப்பாவின் பக்கத்தில் மண்ணில், கால் சுற்றுக்கு ஒன்றாக, வெண்கட்டியால் போட்ட கோடுகள் இருந்தன.

"ஆனா ஒரு சங்கடம் அண்ணி. இன்னும் நாலு நாள் இருக்கு. வெள்ளிக்கிழமைதான் ஆறு வாரம் முடியுது. புதன்கிழமை ரிஜெக்ட் எல்லாத்தையும் அறுக்கச் சொல்லியிருக்காரு றொபேட். இதையும் சேர்த்து. நானும் என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்துட்டேன்."

"அப்ப நாளைக்குத் திறவுங்கோ."

"மூணு நாள் முன்னாடியா? அண்ணன் இருந்தா விடமாட்டாரு."

"இவரோ? குழம்பு கொதிக்க முதல் கரண்டி போடுற மனுசன். திறவுங்கோ."

*

புதன்கிழமை பின்னேரம் கோபால் ஜூஸ் கலன் ஒன்றைக் கடதாசிப் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். யோகமலர் குசினிக் கதவைச் சாத்தினாள். அரிசி வாளியை இழுத்து நெல்லிக் கிறஷ் போத்தலை எடுத்தாள். துணி வடியில் கரித்தூள் நிற்க, பழுப்பாக இறங்கியது. போத்தலின் கழுத்தைக் கொஞ்சம் தாண்டி நின்றது. அவள் மகளைப் பார்த்தாள்.

"அப்பா செத்தண்டு இதை நான்தான் சிங்கிலை ஊத்தினனான்."

"எனக்குத் தெரியும் அம்மா. சிங்க் மணந்தது."

இலை போட்டார்கள். சோறு, மீன் குழம்பு, முட்டை, சுருட்டு. கிளாஸை ஊற்றி வைத்தபின் யோகமலர் ஒரு கணம் யோசித்துப் போத்தலையும் பக்கத்தில் வைத்தாள். லேபலில் பச்சை நெல்லிக்காய் இரண்டு. கதவைச் சாத்தினார்கள். ஹோலில் இருந்தவர்கள் பேச்சைக் குறைத்தார்கள். கோபால் ஒரு மூலையில் வடையைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கமலாம்பிகை கதவைத் திறந்தார். யோகமலர் பின்னால் போனாள். மற்றவர்கள் வாசலில் நின்றார்கள். அவர் போத்தலைப் பார்த்தார். கிளாஸை எடுத்தார். முகர்ந்தார். இந்தமுறை திரும்ப வைக்கவில்லை. கண்ணை மூடி ஒரு மிடறு குடித்தார்.

யோகமலர் அவருடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்," என்றார் கமலாம்பிகை. "உதுதான். கொஞ்சம் இளசு."

"மூண்டு நாள் குறையுது, மச்சாள்."

"பரவாயில்லை. அவனும் அவசரப்பட்டுத்தானே போனவன்."

வாசலில் நின்ற ஒரு பெண், அன்ரி, அதென்ன குடிக்கிறியள் என்று கேட்டாள்.

"நெல்லிக் கிறஷ்," என்றார் கமலாம்பிகை.

ஆட்கள் சாப்பிட்டுப் போனபின் யோகமலர் குசினியில் தனியே நின்று ஒரு தேக்கரண்டி ஊற்றிக் குடித்தாள். இருமினாள். கண்ணில் நீர் வந்தது. பிறகு நாக்கின் அடியில் ஏதோ மிஞ்சியது. கரி. நனைந்த பலகை. கடைசியில், எங்கோ தூரத்தில், சோளமாக இருக்கலாம் என்று தோன்றிய ஒரு இனிப்பு. அது சோளம்தானா என்று பார்க்க இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

கோபால் சொல்லிக்கொண்டு போக வந்தார்.

"தம்பி, அந்தப் பீப்பாவை அறுத்திட்டீங்களோ?"

"இல்ல அண்ணி. காலையில றொபேட் வரலை. நாளைக்கு."

"அதுக்குள்ளை திரும்பத் தண்ணி விட்டா வருமோ?"

கோபால் வாசலில் நின்று யோசித்தார். "ரெண்டாவது தடவை லேசாத்தான் வரும். அண்ணன் ரெண்டுக்கு மேல விடமாட்டாரு. ஆனா றொபேட் நாளைக்கு அறுத்துடுவாரே."

"வேறை பீப்பா இல்லையோ? விரிசல் இல்லாதது?"

"இருக்கு." அவர் அவளை ஒருமாதிரி பார்த்தார். "ஆனா அது ரிஜெக்ட்னு எழுதியிருக்கணுமே, அண்ணி."

"வெண்கட்டி இருக்குத்தானே," என்றாள் யோகமலர்.

அவர் போனபின் அவள் சட்டிகளைக் கழுவினாள். கிளாஸைக் கழுவினாள். நெல்லிக் கிறஷ் போத்தலில் முக்கால்வாசி மிச்சமிருந்தது. மூடியை இறுக்கி, அரிசி வாளிக்குப் பின்னால், அது இருந்த இடத்திலேயே வைத்தாள்.